நிறம் சொல்ல ஓர் ஆள்

இரண்டும் எரிகின்றன. அதுவரைக்கும் சந்தேகமில்லை. சர்வரில் மேலே ஒரு டிஸ்க், கீழே ஒரு டிஸ்க், இரண்டின் மூக்கிலும் கடுகளவு விளக்கு, இரண்டும் அசையாமல் எரிகின்றன, ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு, எது எது என்பதுதான் எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெளிறிய மஞ்சள். பச்சை என்றால் டிஸ்க் சுகமாக இருக்கிறது. ஆரஞ்சு என்றால் சாகக் கிடக்கிறது. சாகக் கிடப்பதைப் பிடுங்கிவிட்டு, பையில் இருக்கும் புதியதைச் செருகினால், நல்லதில் உள்ளதெல்லாம் புதியதுக்குத் தானாக நகலாகிவிடும், சர்வர் வேலைகளிலேயே இதைவிட லேசான வேலை கிடையாது. மாற்றிப் பிடுங்கினால் இந்த ஸ்கேன் சென்டரில் இதுவரை எடுத்த தலைகள், முதுகுகள், முட்டிகள், பிறக்காத பிள்ளைகள், அத்தனை படமும் அந்தச் சாகக் கிடக்கிற ஒன்றின் மேல் விழும், அது தாங்காது. பழைய மாடலில் இந்தத் தொல்லை இல்லை. கெட்டுப்போனது கண்ணைச் சிமிட்டும், நல்லது சிமிட்டாது, அதை வைத்தே காலம் தள்ளினேன். எவனோ ஒரு புண்ணியவான் சிமிட்டுவது அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறான், புதிய மாடலில் நிறம் மட்டும்தான் மாறும். உட்கார்ந்து பார்க்கிறேன், எழுந்து பார்க்கிறேன், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். மேலே இருப்பது கொஞ்சம் கனமாக எரிகிற மாதிரி இருக்கிறது. இல்லை, கீழே இருப்பதுதான். இல்லை.

இசக்கி மேடம் வந்தால் முடிந்துவிடும். இங்கே கம்ப்யூட்டர் எல்லாம் அந்த அம்மாவின் பொறுப்பு. சர்வரின் பாஸ்வேர்டு அவளிடம், அது இல்லாமல் எந்த டிஸ்க் கெட்டது என்று திரையில் பார்க்க முடியாது, கதவைத் திறக்கும் கார்டும் அவள் கழுத்தில். "சாப்பிட்டுட்டு ஓடி வந்துருதேன் சார், நீங்க பாத்துக்கிட்டு இருங்க" என்று என்னை உள்ளே விட்டுவிட்டுப் போனாள். நான் வெளியே போனால் கதவு பூட்டிக்கொள்ளும், அப்புறம் வராண்டாவில் கர்ப்பிணிகளோடு உட்கார வேண்டியதுதான். அவள் வந்ததும் நான் என் வழக்கமான பாட்டைப் பாடுவேன். மேடம், லைட் என்ன கலர்ல எரியுதுன்னு நீங்களே ஒரு வாட்டி வாயால சொல்லிருங்க, கஸ்டமர் வாயால வரணும், அது எங்க கம்பெனி ரூல். அப்படி ஒரு ரூல் எங்கள் கம்பெனியில் கிடையாது. நான் உண்டாக்கியது. உண்டாக்கி உண்டாக்கி, இப்போது புதிதாகச் சேருகிறவர்கள்கூட என்னைப் பார்த்து அதையே செய்கிறார்கள், கஸ்டமரைக் கூப்பிட்டு நிற்க வைத்து என்ன கலர் சார் என்று பயபக்தியோடு கேட்கிறார்கள். கண் நன்றாக இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். அதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும், வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆபீசில் எனக்கு லைட் டாக்டர் என்று பெயர். விளக்கைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேனாம். அந்தப் பெயரை நான் மறுத்ததே இல்லை. யாராவது ஆபீஸ் விழா மேடையில் சொன்னால் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வேன், அடக்கமாம்.

ஏசி எலும்பைக் குடைகிறது. ஷூவை வெளியே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள், சாக்ஸ் வழியே தரையின் குளிர் ஏறுகிறது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சர்வரின் நெற்றியில் இன்னும் காய்ந்து கிடக்கின்றன, குங்குமம் எனக்குக் கறுப்புத் தகரத்தில் அழுக்காகத்தான் தெரிகிறது. போன் பாக்கெட்டில் அதிர்ந்தது, நின்றது. பார்க்க வேண்டாம். ஜெபினாகத்தான் இருக்கும். அவன் என் பியூலா அக்காவின் ஒரே மகன். காலையில் கூப்பிட்டான். "மாமா, காலேஜ்ல இன்னைக்கே பதில் கேக்காவ. வாரதுன்னா ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் குடுத்துரணுமாம். குடுத்துட்டா ரயில்வேக்கு எதைக் கொண்டு காட்ட? வேண்டாம்னு சொல்லிரட்டா?" காலேஜில் லேப் அசிஸ்டன்ட் வேலை. பெரிய வேலை இல்லை, ஆனால் நிரந்தரம், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், டிப்ளமா முடித்துவிட்டு அலைந்தவனுக்கு எங்கிருந்தோ வந்து விழுந்தது. ரயில்வேயில் டிரைவர் வேலைக்கு எழுத்துப் பரீட்சை எல்லாம் பாஸாகிவிட்டான், அடுத்த வாரம் மெடிக்கல். "மெடிக்கல்ல என்ன மாமா இருக்கு? டாக்டர்ட்ட போய் போர்டு வாசிச்சுப் பாத்துட்டேன், கடைசி வரி வரை தெரியுது, கண்ணாடிகூட வேண்டாம்னுட்டாரு." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பதிலாக, "இருல, வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடுதேன்" என்றேன். வண்டி டீக்கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்றது. என் கையில் வடை.

அப்புறம் என்றால் எப்போது? டீயைக் குடித்துவிட்டு என்று நினைத்தேன். டீ முடிந்ததும், பாலத்தைத் தாண்டி என்று நினைத்தேன். பாலத்தைத் தாண்டியதும், முதலில் வேலையை முடிப்போம், நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் அல்லவா என்று எனக்கு நானே பெரிய மனுஷனாகப் புத்தி சொன்னேன். ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு நிதானம். மருமகனே, உனக்குப் பச்சையும் சிவப்பும் பிரிந்து தெரியாது, அந்த மெடிக்கலில் நீ தேற மாட்டாய், காலேஜ் வேலையை விட்டுவிடாதே. அவ்வளவுதான். சொன்னால் அடுத்த கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா என்று வரும். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தாய் வழியில் வருவது இது. பெண்களுக்கு ஒன்றும் செய்யாது, சும்மா தாங்கிக்கொண்டு போய் மகன்களிடம் கொடுக்கும். அம்மாவிடமிருந்து எனக்கு, அம்மாவிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து அவனுக்கு. வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவனை உற்றுப் பார்க்காமல் வளர விட்டேன். அவன் வரைந்த படங்களைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பாள் அக்கா, நான் தண்ணீர் எடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறப்பேன். பார்த்தாலும் எனக்கு என்ன தெரிந்திருக்கும், அதுதான் வேடிக்கை. மரம் தப்பான நிறத்தில் இருக்கிறதா என்று தப்பான கண்ணை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

தெரிந்தது போன கிறிஸ்துமஸுக்கு. சட்டை எடுக்க இரண்டு பேருமாகப் போனோம். மலை மாதிரி குவித்த துணியிலிருந்து ஒன்றை உருவி, "இந்தக் காப்பிப்பொடி கலர் நல்லாருக்கு மாமா, ஒங்களுக்கும் இதையே எடுங்க" என்றான். எனக்கும் காப்பிப்பொடிதான். அருமையான காப்பிப்பொடி. இருவரும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே தலையில் கை வைத்தாள். "என்னல இது, ரெண்டு பேரும் பாசிப்பச்சையில எடுத்துட்டு வந்துருக்கிய! மாமனுக்கும் மருமவனுக்கும் நல்ல டேஸ்டுதான்." எல்லாரும் சிரித்தார்கள். ஜெபின் வெட்கப்பட்டு, கடையில் லைட் சரியில்லை என்றான். நான் லைட் சரியில்லை என்று அவனுக்கு ஒத்து ஊதினேன். அந்த இடம்தான். அந்த இடத்தில் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லியிருக்கலாம், விளையாட்டாகவே சொல்லியிருக்கலாம், பண்டிகை நாளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று இப்போது வரிசையாக நினைக்க வேண்டாம். சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனோம், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், யாரோ போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

போன் மறுபடியும் அதிர்கிறது. இல்லை, அது சர்வரின் மின்விசிறி. இசக்கி மேடம் என்ன சாப்பிடுகிறாள், பந்தியா? எனக்குப் பயம் ஜெபினுக்காகவா, எனக்காகவா? நேர்மையாகச் சொன்னால் காலையிலிருந்து நான் நினைத்ததில் முக்கால்வாசி எனக்காகத்தான். விஷயம் வெளியே தெரிந்தால் ஆபீஸில் என்னை என்ன செய்வார்கள், விளக்குப் பார்க்கத் தெரியாதவனா இவ்வளவு காலம் விளக்குப் பார்த்தான் என்று. வீட்டுக்காரி என்ன சொல்வாள். அவள் என்னைத் தக்காளி வாங்க அனுப்புவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. பழுக்காத காய்வெட்டாக வாங்கி வருகிற அசமந்தம் என்று முடிவு கட்டிவிட்டாள், அசமந்தம் என்ற பட்டம் எனக்கு வசதியாக இருந்தது. வாலிப வயதில், நாகர்கோவிலில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது போனேன். ஓடினேன், தாண்டினேன், கம்பியில் தொங்கினேன். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார், பக்கம் முழுக்கப் புள்ளிகள், வண்ண வண்ணப் புள்ளிகளாம், நடுவில் ஒரு எண் இருக்கிறதாம். "நம்பர் சொல்லு." நான் புள்ளியைத்தான் பார்த்தேன். அடுத்த பக்கம். "நம்பர் சொல்லு." ஏதோ ஒன்றைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்தவன் வா என்றார். வீட்டில் வந்து உயரம் கொஞ்சம் குறைவு என்று சொல்லிவிட்டேன். அக்கா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறாள், எந்தம்பிக்கு மிலிட்டரி மயிரிழையில போச்சு என்று. பெருமையாகச் சொல்கிறாள். பாலிடெக்னிக்கில் ரெசிஸ்டர் மேல் வண்ணக்கோடு போட்டு அளவைக் குறித்திருப்பான், எல்லாரும் கோட்டைப் பார்த்துச் சொல்வார்கள், நான் மட்டும் மீட்டரை வைத்து அளந்து சொல்வேன், வாத்தியார் என்னைத்தான் கருத்தான பையன் என்று பாராட்டினார். பாராட்டு வாங்கியே கெட்டுப்போனேன்.

அந்தப் புத்தகத்தை ஜெபின் முன்னால் திறந்து வைப்பார்கள். அவன் நன்றாக டிரெஸ் பண்ணிக்கொண்டு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு போயிருப்பான். முதல் பக்கத்தில் எண் தெரியாது. கண்ணைக் கசக்குவான். சார், பிரிண்ட் சரியில்லை என்பான், கடையில் லைட் சரியில்லை என்ற அதே குரலில். ரயில்வேக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ராத்திரி மழையில் சிக்னல் விளக்கைப் பார்த்து, பச்சையா சிவப்பா என்று ஒரு நிமிஷம் மலைத்து நிற்கிறவனை எஞ்சினில் ஏற்றக் கூடாதுதான். மலைப்பு என்றால் என்னவென்று எனக்கல்லவா தெரியும், இதோ இந்தக் குளிரில் கடுகளவு விளக்குக்கு முன்னால் மலைத்துத்தானே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவனை அந்த அறைக்குள் கையில் ஒன்றும் இல்லாமல் அனுப்பக் கூடாது. ஒரு வேலையாவது கையில் இருக்க வேண்டும். இன்னும் சாயங்காலம் ஆகவில்லை. காலேஜ் மூடவில்லை. கூப்பிடு. கூப்பிட்டு என்ன சொல்லித் தொடங்குவது? எனக்கு ஒரு குறை இருக்கிறது என்றா? உன் சட்டை என்று தொடங்கலாமா? போனில் நிறம் சொல்லும் ஆப் ஒன்று இருக்கிறது, ரகசியமாக இறக்கி வைத்தது, துணிக்கும் பழத்துக்கும் சரியாகச் சொல்லும், எரிகிற விளக்கைக் காட்டினால் வெள்ளை என்கிறது. மேலே காட்டினேன், வெள்ளை. கீழே காட்டினேன், வெள்ளை. போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது. அப்போதுதான் தோன்றியது. நிறம் சொல்ல ஒரு ஆள்தானே வேண்டும். அவனையே கேட்டால் என்ன. அவன் சரியாகச் சொல்லிவிட்டால், ஆண்டவரே, சரியாகச் சொல்லிவிட்டால் நான் நினைத்ததெல்லாம் வீண் பயம், கடையில் நிஜமாகவே லைட் சரியில்லை.

வீடியோவில் கூப்பிட்டேன். உடனே எடுத்தான். வீட்டில்தான் இருந்தான், பின்னால் அக்கா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மாமா, எவ்வளவு நேரமா கூப்பிடுதேன்" என்றான், கோபமில்லாமல். "ஜெபின், அதப் பொறவு பேசுவோம். மொதல்ல இதப் பாரு" என்று போனைத் திருப்பி டிஸ்க்குகளுக்கு நேராகப் பிடித்தேன். "ரெண்டு லைட் எரியுதுல்லா? எது பச்சை, எது ஆரஞ்சு?" அவன் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. "ரெண்டும் ஒண்ணுதான மாமா?" என்றான். "நல்லாப் பாருல." "பாத்துட்டேன் மாமா. ரெண்டும் ஒரே மஞ்சளு. வெளையாடுதியளா?" அதற்குள் அக்கா, "என்னதுல, கொண்டா" என்று கீரைக் கையோடு போனை வாங்கிவிட்டாள். "கண்ணவிஞ்ச பயல, மேல உள்ளது பச்சையா ஜெகஜோதியா எரியுது, கீழ உள்ளது ஆரஞ்சுல்லா. நடுவுல வெள்ளையாத்தான் தெரியும், ஓரத்தப் பாரு." கீழே உள்ளது. இவ்வளவு நேரம் என் முழங்காலுக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. "ஏல ஞானம், இத எதுக்கு நீ அவன்ட்ட கேக்க? ஒனக்குத் தெரியலயா?"

"தெரியலக்கா."

"எப்பத்துலருந்து?"

"பொறந்ததுலருந்தே. மிலிட்டரியில இதுலதான் போச்சு, உயரத்துல இல்ல. அவனுக்கும் இதேதான் அக்கா. ரயில்வே மெடிக்கல்ல இதத்தான் மொதல்ல பாப்பாவ. போனை அவன்ட்ட குடு. ஜெபின், காலேஜ் வேலைய விட்ராத, இப்பமே பஸ் ஏறிப் போயி சர்ட்டிபிகேட்டக் குடுத்துரு." சொல்லியாகிவிட்டது. இவ்வளவுதான். இத்தனை சின்னதாக இருந்திருக்கிறது. திரையில் அவன் முகம் வந்தது, கன்னத்தில் ஒரு முருங்கை இலை ஒட்டியிருந்தது, போனிலிருந்து ஒட்டியிருக்கும். "பன்னெண்டு மணிக்கே வேண்டாம்னு சொல்லிட்டேனே மாமா" என்றான். "நீங்க கூப்பிடுதேன்னு சொன்னியளா, ரொம்ப நேரம் பாத்தேன். விடக்கூடாதுன்னா மாமா அப்பமே சொல்லிருப்பாவல்லா, சொல்லலன்னா சரிதான்னு அம்மாவும் சொன்னா. அந்த எடத்துக்கு வேற ஆளக் கூப்பிட்டுட்டாவ." குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான்.

பின்னால் கதவு திறந்து இசக்கி மேடம் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். "ரொம்ப நேரம் ஆக்கிட்டேனா சார்? எதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கீழ உள்ளது மேடம்."

"பாத்தீங்களா, பாஸ்வேர்டுகூடப் போடல, லைட்டப் பாத்தே சொல்லிட்டீங்க!"

"எனக்கு அது தெரியாது மேடம். பச்சையும் ஆரஞ்சும் எனக்கு ஒண்ணுதான். எங்க அக்கா பாத்துச் சொன்னா" என்றேன். அவள் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஜெபின் போனைத் துண்டிக்காமல் இருந்தான்.

"மாமா" என்றான் ஜெபின். "எனக்கு இது இருக்குன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன கிறிஸ்துமஸ்ல."

அவன் எதையோ மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தான். நான் காலையிலிருந்து வரிசைப்படுத்தாமல் தப்பித்துக்கொண்டிருந்ததை அவன் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டான்.

"அதுக்கப்புறந்தான மாமா நான் ரயில்வே கோச்சிங்கே சேர்ந்தேன்."

"ஆமா" என்றேன்.